மத்தியானத்தில் மழுங்கும் உளிகள்

ஏணியை அந்தச் சுவரில் சாய்க்காதீர்கள் தம்பி. பார்க்க முழுச் சுவர். ஆனால் எனக்குப் பாதிதான். அந்தப் பக்கத்துப் பாதி என் தம்பி தெய்வநாயகத்துடையது. நாளைக்கு ஒரு துண்டு காரை பெயர்ந்து விழுந்தால், அண்ணன் ஆள் வைத்து இடிக்கிறான் என்று சொல்லுவான். சொல்ல மாட்டான், எங்களுக்குள் பேச்சு கிடையாது. பார்ப்பான். அவன் பார்க்கிற பார்வையை நீங்கள் பார்த்ததில்லை. இதோ, இந்தத் தூணில் சாயுங்கள். இது முழுக்க என் தூண்.

திருகாணி எல்லாம் கொண்டுவந்திருக்கிறீர்களா? இல்லையென்றால் கேளுங்கள், தருகிறேன். கேட்காமல் எடுக்காதீர்கள். உங்களைச் சொல்லவில்லை, முகம் வாட வேண்டாம். மூன்று மாதமாக யாரையும் நம்புகிற நிலையில் நான் இல்லை.

என்ன திருடு போனது என்கிறீர்கள். கேமரா வாங்கின கடையில் உங்கள் முதலாளியும் அதைத்தான் கேட்டார். ஒன்றும் போகவில்லை. ஒரு ஆணிகூடப் போகவில்லை. அதனால்தான் போலீஸில் சொல்ல முடியாமல் உங்களைக் கூப்பிட்டேன். வருகிறவன் எடுத்துக்கொண்டு போகிறவன் இல்லை. என் உளியை எடுத்து மழுங்கடித்துவிட்டு, எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டுப் போகிறவன்.

சிரிக்காதீர்கள். ஏணியில் நின்றுகொண்டு சிரிக்கக் கூடாது.

இது கடைசல் மெஷின். கட்டையை இந்த இரண்டு முனைக்கும் நடுவில் மாட்டினால் சுற்றும். உளியை இந்தத் தாங்கியில் வைத்துக் கொடுக்க வேண்டும். கட்டில் கால், தொட்டில் கம்பு, மாடிப்படிக் கைப்பிடித் தூண், என்ன வேண்டும் உங்களுக்கு? அம்பாசமுத்திரத்தில் பாதி வீட்டுக் கட்டில் கோமதிநாயகம் கடைந்த காலில்தான் நிற்கிறது. நான் மூன்றாம் வகுப்போடு சரி. ஆனால் உளியைப் பற்றி எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம். உளிக்கு வாய், அந்த வெட்டுகிற விளிம்பு, சரியில்லையென்றால் மரம் கடையாது, பிய்யும். அதற்கு மேலும் ஒன்று செய்யும். எகிறும்.

இந்த நெற்றியைப் பாருங்கள். நான்கு தையல். ஆடிக் கடைசியில் ஒரு தேக்குக் கட்டை எகிறி அடித்தது. என் வீட்டுக்காரி ஓடிவந்து ஊரைக் கூட்டிவிட்டாள். சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து அவன்கூட வாசல்வரைக்கும் வந்து நின்றான். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். செத்தானா, இருக்கிறானா என்று பார்க்க வந்தவனிடம் என்ன முகம் கொடுக்க?

அதற்குப் பிறகுதான் இது ஆரம்பித்தது. கவனியுங்கள், அதற்குப் பிறகுதான். அடிபட்டுக் கிடக்கிறவன் அசந்திருப்பான் என்று நேரம் பார்த்திருக்கிறான்.

எப்படிக் கண்டுபிடித்தேன் என்று சொல்கிறேன். நான் காலையில் பதினொரு மணிக்கு உளிகளைத் தீட்டுவேன். அதோ, மோட்டார் வைத்த சாணை. உளியைச் சாய்த்துக் கொடுத்தால் பொறி பறக்கும். பிறகு பெருவிரலால் வாயைக் குறுக்கே தடவிப் பார்ப்பேன். வெடுக்கென்று விரலைப் பிடிக்க வேண்டும். அந்தப் பிடி இருந்தால் கூர் ஏறிவிட்டது. அப்படியே உளிச் சட்டத்தில் மாட்டிவிட்டுச் சாப்பிடப் போவேன். ஒரு மணிக்குச் சாய்ந்தால் மூன்று மணிக்குத்தான் எழுந்திருப்பேன். மூன்று மணிக்கு வந்து தடவிப் பார்த்தால் அந்தப் பிடி இருக்காது. விரல் வழுவழுவென்று கண்ணாடியில் போகிறமாதிரிப் போகும். ஒரு நாள் இரண்டு நாள் இல்லை. ஆவணி முழுக்க.

கண் தெரியாமல் சொல்கிறேன் என்று நினைக்காதீர்கள். கண் நன்றாகத்தான் இருக்கிறது. இப்போது வருகிற பல்புதான் வெளிச்சம் காட்டுவதில்லை. கோயமுத்தூரில் இருக்கிற மகன், "கண்ணுல புரை விழுந்திருக்கு, ஆபரேஷன் பண்ணிட்டு மெஷினை வித்துட்டு இங்க வந்திருங்க" என்று போனிலேயே வைத்தியம் பார்க்கிறான். அதற்கென்று அவன் அனுப்பிய பணத்தில்தான் இந்தக் கேமராவை வாங்கினேன். இதுவும் கண்தானே?

சரி, மழுங்கின உளியை வைத்து எப்படி வேலை நடந்தது என்று கேளுங்கள். கேட்க மாட்டீர்கள், நானே சொல்கிறேன். நடந்தது. அதுதான் கை. மூன்று மணிக்கு அந்த மொட்டை உளியை வைத்துக் கொடுத்தால், சீவல் முழ நீளத்துக்குச் சுருள் சுருளாக வரும். வாழைச் சருகு மாதிரி மெல்லிசு. மரம் உப்புத்தாள் போடாமலே பளபளக்கும். மழுங்கின உளியிலேயே இப்படி என்றால், உளியை விட்டுவைத்திருந்தால் நான் என்னவெல்லாம் செய்திருப்பேன்! அந்த வயிற்றெரிச்சல்தான் அவனுக்கு.

யார் அவன் என்கிறீர்களா? இத்தனை நேரம் வேறு யாரைச் சொல்கிறேன்? அவன்தான். தெய்வு.

அப்பா இருந்தவரைக்கும் ஒரே பட்டறைதான். நான் கடைவேன், அவன் கூடமாட நிற்பான். தீட்டுகிற வேலை அவனுக்கு. சாணையில் பிடித்த பிறகு அப்பாவின் எண்ணெய்க்கல்லில் எண்ணெய் விட்டு இரண்டு பக்கமும் மெதுவாக இழைப்பான். பூனையைத் தடவுகிற மாதிரித் தடவிக்கொண்டு உட்கார்ந்திருப்பான். ஒரு நாள் ஆழ்வார்குறிச்சி மர மில் முதலாளி வந்திருந்தார். அவர் முன்னால் என்ன சொன்னான் தெரியுமா?

"அண்ணன் கடையுததுல கெட்டிக்காரன் முதலாளி. சாணை பிடிச்சா மட்டும் வாயில பிசிரை விட்ருவான். கையில தடவினா கூரு மாதிரியே இருக்கும். மரத்துல வச்சாத்தான் தெரியும். நான் கல்லுல போட்டு எடுத்துக் குடுத்துருவேன்."

முதலாளி சிரித்தார். நானும் சிரித்தேன். அன்றைக்கு ராத்திரி சோறு இறங்கவில்லை. பிசிராம். பதினோரு வருஷம் ஆகிறது. அந்தச் சிரிப்பு இன்னும் இங்கே நிற்கிறது.

அந்த வருஷமே அப்பா போனார், பதினாறாம் நாளில் பங்கு பிரித்தோம். நான்தான் கேட்டேன். பெரிய மாமா நடுவில் உட்கார்ந்து, "மெஷின் யாருக்குடே, கல்லு யாருக்குடே?" என்றார். "மெஷின் எனக்கு. கல்லை அவனே வச்சுக் கும்பிடட்டும்" என்றேன். ஒரு பேச்சுக்குச் சொன்னது. இல்லண்ணே, கல்லும் உன் பட்டறையிலேயே இருக்கட்டும் என்று சொல்லுவான் என்று எதிர்பார்த்தேன். சொல்ல வேண்டுமா இல்லையா? துண்டில் சுற்றி இடுப்பில் வைத்துக்கொண்டு போய்விட்டான், தம்பி. அப்பாவின் கல்லை! அன்றையிலிருந்து அவனோடு பேச்சை விட்டேன். எண்ணெய்க்கல்லே வேண்டாம் என்றும் விட்டேன். சாணை போதும். பூனையைத் தடவுகிற வேலையெல்லாம் எனக்கு எதற்கு?

இப்போது அவன் சுவருக்கு அந்தப் பக்கம் சாணைக்கடை வைத்திருக்கிறான். கசாப்புக் கத்தி, தையல்காரன் கத்தரி, சவரக் கத்தி எல்லாம் அவனிடம் வருகிறது. அதிலும் ஒரு விஷமம் பாருங்கள். காலை முழுக்கச் சத்தம் இருக்காது. நான் சாப்பிட்டுக் கண்ணசந்ததும், ஒன்றேகால் மணிக்கு, சரக் சரக்கென்று கல்லில் இழைக்கிற சத்தம் வரும். தினமும் அதே நேரம். என்னைத் தூங்கவிடக் கூடாது. ஆனால் நான் தூங்கிவிடுவேன். அந்தச் சத்தம் கேட்டால் எனக்கு ஏனோ நன்றாகத் தூக்கம் வரும்.

கொஞ்சம் வலது பக்கம் தள்ளி. ம்.

சும்மா இருக்கிறவன் இல்லை நான். பொறி வைத்தேன். பட்டறை வாசலில் அடுப்புச் சாம்பலைத் தூவிவிட்டுப் படுத்தேன். எழுந்து பார்த்தால் பிரமுவின் கால் தடம் மட்டும் இருக்கிறது. பிரமு என் வீட்டுக்காரி, பிரம்மநாயகி. அவள் பெருக்க வந்திருப்பாள், அது கணக்கில் இல்லை. அப்படியானால் இவன் அவள் தடத்துக்கு மேலேயே கால் வைத்து நடந்திருக்கிறான். எவ்வளவு தந்திரம்! அவனுக்குப் பத்தாம் நம்பர் செருப்பு. அவளுக்கு ஐந்து. ஐந்துக்குள் பத்தை எப்படி வைத்தான் என்பதுதான் எனக்கு இன்னும் பிடிபடவில்லை.

பிறகு ஆயுத பூஜை வந்தது. எல்லா உளியையும் நானே தீட்டி, கழுவி, சந்தனம் குங்குமம் வைத்து, வீட்டுக்குள் சாமி படத்துக்கு முன்னால் வரிசையாகப் படுக்கவைத்தேன். அன்றைக்கு ஆயுதத்தைத் தொடக் கூடாது. எங்கள் ஆட்களில் யாரும் தொட மாட்டார்கள். அவனும் தொட மாட்டான், அந்தப் பயம் அவனுக்கு உண்டு. மறுநாள் கும்பிட்டு எடுத்துத் தடவினேன். வெடுக்கென்று பிடித்தது! நான் வைத்தது வைத்தபடி! சந்தோஷமாகக் கொண்டுபோய்க் கட்டையில் கொடுத்தேன். முதல் கொடுப்பிலேயே குழி உளி எகிறித் தாங்கியில் மோதியது. மரம் நாய் கடித்த மாதிரிப் பிய்ந்தது. ஏன்? தலையை நிமிர்த்துகிறேன், சுவருக்கு மேலே அவன் தலை. கண்ணு போட்டுக்கொண்டு நிற்கிறான்.

"அண்ணே, பாத்து" என்றான். பதினோரு வருஷத்தில் முதல் பேச்சு. பாத்து! நான் மெஷினை நிறுத்திவிட்டு உள்ளே போய்விட்டேன்.

அன்றைக்கே பூட்டு வாங்கினேன். ஏழு லீவர் பூட்டு. சாவியை அரைஞாண் கயிற்றில் கோத்துக்கொண்டேன். பிரமுவின் முகம் அன்றைக்குச் சுண்டிப்போனது. "பட்டறையைப் பெருக்காண்டாமா? குப்பை சேந்துராதா?" என்றாள். நான் அசையவில்லை. பதினைந்து நாள் ஒருவனும் தொடவில்லை. உளி நான் தீட்டியபடியே, பிடி மாறாமல் இருந்தது.

அந்தப் பதினைந்து நாளில்தான் கான்ட்ராக்டர் ஜெபமணிக்கு இருபத்திரண்டு தூண் கடைந்தேன். குற்றாலத்துப் பக்கம் ஒரு பெரிய வீடு கட்டுகிறார், மாடிப்படிக் கைப்பிடிக்கு மொத்தம் அறுபது தூண். இருபத்திரண்டையும் வண்டியில் திருப்பிக் கொண்டுவந்து இங்கே இறக்கினார். அதோ, அந்த மூலையில் கிடக்கிறது, பாருங்கள்.

"ஆசாரியாரே, தடவிப் பாரும். கையில சிலாம்பு ஏறுது. இது மாடிப்படியா, முள்வேலியா?"

"மரம் சரியில்ல. பச்சை மரம்" என்றேன்.

"மரம் உம்மகிட்ட நான் குடுத்தது. மூணு வருஷம் காஞ்ச மரம். உமக்கு முடியலன்னா சொல்லிரும், தப்பில்ல. இன்னொரு தடவை இப்படி வந்தா நான் மதுரையில கம்ப்யூட்டர் மெஷின்ல போட்டு வாங்கிக்கிடுதேன். பெறவு இந்தப் பக்கம் வர மாட்டேன்."

தப்பில்லையாம். அவர் போன பிறகு பிரமு அந்தத் தூண் ஒன்றை மடியில் வைத்துத் தடவிக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். "மகன் சொன்ன மாதிரி மெஷினை வித்துட்டுப் போயிருவமா?" என்று நான்தான் கேட்டேன். கேட்டுவிட்டேன், ஒரு சலிப்பில். அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"அதை வித்துட்டு நீங்க என்ன செய்வீய? மகன் வீட்டு வாசல்ல உக்காந்து போற வாற ஆளையெல்லாம் சந்தேகப்படுவீய. சாவியைக் குடுங்க. குப்பை முழங்கால் மட்டும் கெடக்கு. அதான் உளி ஓட மாட்டேங்குது."

குப்பைக்கும் உளிக்கும் என்ன சம்பந்தம்? பெண்பிள்ளை பேச்சு. ஆனால் அழுகிற மாதிரி இருந்தாள், கொடுத்துவிட்டேன். பெருக்கினதும் பூட்டிவிட வேண்டும், சாவி முந்தானையை விட்டு இறங்கக் கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டுதான் கொடுத்தேன்.

மறுநாளே ஆரம்பித்துவிட்டான், தம்பி! மூன்று மணிக்கு வந்து தடவுகிறேன், வழுவழுவென்று போகிறது. பூட்டு பூட்டினபடி இருக்கிறது. சாவி அவள் முந்தானையில் இருக்கிறது. என்ன அர்த்தம்? கள்ளச் சாவி! பதினைந்து நாள் உட்கார்ந்து கள்ளச் சாவி போட்டிருக்கிறான். இரும்பை இழைக்கிறவனுக்கு ஒரு சாவி இழைக்க எவ்வளவு நேரம்?

பிரமுவிடம் சொன்னேன். "ஒரு மணிக்கு நீதான் முழிச்சிருக்க. யாரும் வந்தா உனக்குத் தெரியாதா?" என்றேன். "நான் அந்த நேரம் இசக்கியம்மன் கோயிலுக்குப் போயிருதேன்லா" என்றாள். அதுவும் சரிதான். ஆடியிலிருந்து ஒரு நேர்த்திக்கடன், தினமும் மத்தியானம் கூடையில் விளக்கும் எண்ணெயும் வைத்து, மேலே துண்டு போட்டு மூடி எடுத்துக்கொண்டு போவாள். என் நெற்றி ஆறினதற்கு நேர்ந்துகொண்டது. கூடை கனத்தில் ஒரு பக்கமாகச் சாய்ந்து நடப்பாள். அவளுக்கும் அறுபத்திரண்டு ஆகிறது. மத்தியானம் யார் விளக்குப் போடுவார்கள் என்று கேட்கிறீர்களா? சாமி காரியத்தில் நான் கேள்வி கேட்பதில்லை.

அந்தத் தூணா? அது புதிது. நாற்பத்திரண்டு முடித்துவிட்டேன். தடவிப் பாருங்கள். குழந்தை கன்னம் மாதிரி இருக்கிறதா? கள்ளச் சாவிக்காரன் மழுங்கடித்த உளியில் கடைந்தது. இன்னும் பதினெட்டு பாக்கி. நாளை மறுநாள் காலையில் ஜெபமணி வண்டியோடு வருகிறார். இதில் நான் தோற்றால் இந்த மெஷின் பழைய இரும்புக்குத்தான் போகும். அதனால்தான் இன்றைக்கே மாட்டச் சொன்னேன்.

இறங்கிவிட்டீர்களா? இருங்கள், சாட்சிக்கு வைத்திருக்கிறேன், காட்டுகிறேன். இந்தப் பட்டை உளி நேற்று மத்தியானம் அவன் கெடுத்தது, அதற்குப் பிறகு நான் தொடவில்லை. இந்தக் குழி உளி இன்று காலையில் நான் தீட்டியது. விரலை வைத்துப் பாருங்கள். குறுக்கே, குறுக்கே. நீளவாட்டில் இழுத்தால் விரல் போய்விடும். என்னுடையது பிடிக்கிறதா? அவன் தொட்டது வழுக்குகிறதா? தெரிகிறதல்லவா?

என்ன செய்கிறீர்கள்? கையில் எதற்கு வைக்கிறீர்கள்?

ரோமம் போய்விட்டதா? எங்கே, காட்டுங்கள். ஆமாம். சவரம் பண்ணின மாதிரி. பட்டை உளியிலா?

இந்தக் குழி உளியையும் வைத்துப் பாருங்கள். மெதுவாக. போகவில்லையா? கீறுகிறதா? அந்த இடத்தில் உங்களுக்கு ரோமம் குறைவு. இன்னொரு இடத்தில் வையுங்கள்.

கொடுங்கள் இங்கே.

இல்லை. நீங்கள் வயர் உரிக்கிற ஆள், உங்களுக்கு உளி பற்றித் தெரியாது. தப்பில்லை. கை ரோமம் வேறு, மரம் வேறு. மரத்தில் வைத்தால்தான் தெரியும்.

மரத்தில் வைத்தால்தான்.

வா பிரமு. இந்தத் தம்பிக்குக் காபி கொடு. எனக்கு அங்கே வை, அப்புறம் குடிக்கிறேன். ஏன் கேமராவையே பார்க்கிறாய்? தம்பி, போனில் தெரிகிறதா? காட்டுங்கள். கிட்டே கொண்டுவாருங்கள், இன்னும் கிட்டே. இது மெஷின். இது சுவர். இது என்ன? கொல்லைக் கதவா? கதவு தெரிகிறதே. கதவில் நிற்கிற ஆள்கூடத் தெரிகிறதே. சேலை நிறம்வரைக்கும் தெரிகிறது.

கேட்டீர்களா, என்ன கேட்கிறாள் என்று?

"தம்பி, அது வாறவுக போறவுக எல்லாரையும் புடிச்சு வச்சுக்கிடுமா?"

பதில் சொல்லாதீர்கள், நான் சொல்கிறேன். பிடித்து வைத்துக்கொள்ளும். ஒரு மாதத்துக்கு வைத்துக்கொள்ளும். அப்படித்தானே?

தம்பி, மறுபடி ஏணியில் ஏறுங்கள். சிரமம்தான், ஏறுங்கள். கேமராவைச் சுவர்ப் பக்கம் திருப்புங்கள். இன்னும். இன்னும். கதவு தெரியக் கூடாது. இந்த உளிச் சட்டமும் தெரிய வேண்டாம். எல்லாம் ஒன்றாகத் தெரியும் என்றுதான் உங்கள் முதலாளி சொன்னார், நான் இல்லையென்று சொல்லவில்லை. எனக்குச் சுவர் போதும். திருடன் சுவரேறித்தான் வருவான். வீட்டுக்குள்ளிருந்து யார் வரப்போகிறார்கள்? அங்கே இவள் ஒருத்திதானே.

அப்படியே நிறுத்துங்கள். சுவர் மட்டும்தான் தெரிகிறதா? முடுக்கிவிடுங்கள். நன்றாக முடுக்குங்கள், இனி அது அசையக் கூடாது.

மணி ஒன்றாகப் போகிறது. நான் சாப்பிட்டுச் சாய வேண்டும். இன்னும் பதினெட்டு தூண் இருக்கிறது. இந்தக் குழி உளியைச் சட்டத்தின் முன்னாலேயே மாட்டுகிறேன். பின்னால் மாட்டினால் எட்டி எடுக்க வேண்டியிருக்கிறது.

ஏன் பிரமு இன்னும் இங்கேயே நிற்கிறாய்? கோயிலுக்கு நேரமாகவில்லையா?